அன்ரிசர்வ்டில் அமெரிக்கா!

திருப்பூர் ரயில்வே ஸ்டேஷன். கோயம்புத்தூரிலிருந்து குர்லா போகிற எக்ஸ்பிரஸ் வர இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. மாமா பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு சூட்கேஸை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார். பார்த்தவர்கள் உள்ளே நகை இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். இருந்தது காகிதம். ஒன்பது கிலோ காகிதம்!

"ஃப்ளைட்ல போனா ரெண்டு மணி நேரம் மாமா..."

"கையில ஏழு கிலோதான் விடறானாம். லக்கேஜ்ல போட்டு, நம்ம பத்திரமெல்லாம் துபாய்க்குப் போயிருச்சுன்னா நீ போய் வாங்கிட்டு வருவியா?"

வாயை மூடிக்கொண்டேன். மூன்றரைக் கோடி ரூபாயை அமெரிக்காவில் போட்ட மனுஷன் ரயிலில் சைடு லோயர் பர்த்தில் மும்பைக்குப் புறப்பட்டது இப்படித்தான். 2025 மார்ச் மாதம். அத்தையும் பையனும் மறுநாள் ஃப்ளைட்டில் வருவதாக ஏற்பாடு. அவர்களிடம் காகிதம் எதுவும் இல்லையே!

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பனியன் கம்பெனி வைத்திருந்தவர். நான் பி.காம். முடித்து, நாலு கம்பெனிக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் பார்த்துக்கொண்டு, மீதி நேரத்தில் இப்படி எழுதி உங்கள் பஸ் பயணத்தைக் கெடுத்துக்கொண்டிருப்பவன். குடும்பத்தில் எனக்கு ஒரு பட்டம் உண்டு: 'இங்கிலீஷ் ஃபாரம் நிரப்பத் தெரிஞ்ச பையன்.' அந்தப் பட்டத்தால்தான் ஐந்தரை வருஷமாக இந்த சூட்கேஸுக்கு நான் கணக்குப்பிள்ளை.

வண்டி சேலம் தாண்டியதும் எதிர் சீட்டுக்காரர் கேட்டார்: "மும்பையில என்ன விசேஷம்?"

"அமெரிக்கா விசா இன்டர்வியூ" என்றேன்.

"சாஃப்ட்வேருங்களா?"

"இல்லைங்க, பனியன்" என்றார் மாமா.

எதிர் சீட்டுக்காரர் குழம்பியது நியாயம்தான். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். 1990-ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் அங்கே தொழிலில் பணம் போட்டு, குறைந்தது 10 பேருக்கு முழுநேர வேலை உண்டாக்கினால், அவருக்கும் மனைவிக்கும் 21 வயதுக்குள் இருக்கிற கல்யாணமாகாத பிள்ளைகளுக்கும் கிரீன் கார்டு. இதற்கு ஈ.பி.-5 என்று பெயர். வேலைவாய்ப்பு குறைந்த பகுதியில் போட்டால் 5 லட்சம் டாலர் போதும் என்று ரொம்ப காலம் இருந்தது. 2019 நவம்பர் 21 முதல் அது 9 லட்சம் ஆகும் என்று அறிவித்தார்கள். ஆடித் தள்ளுபடியின் கடைசி நாள் மாதிரி உலகம் பூராவும் கூட்டம் முண்டியடித்தது. அந்தக் கூட்டத்தில் மாமாவும் ஒருவர். மனு போட்ட தேதி 2019 அக்டோபர் 18.

(அந்த 9 லட்சத்தை 2021-ல் கோர்ட் ரத்து செய்ததும், 2022 மார்ச்சில் புதுச் சட்டம் வந்து 8 லட்சம் ஆனதும் தனிக் கதை.)

பணம் அனுப்புவதே ஒரு திருவிழா. ரிசர்வ் வங்கி விதிப்படி ஒரு ஆள் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர்தான் அனுப்பலாம். மாமா பாதி, அத்தை பாதி. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று பத்திரம், பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரி என அடுக்கடுக்காகக் காட்ட வேண்டும். பத்திரத்தில் ஒரு தொகை, கையில் ஒரு தொகை என்கிற நம்மூர்ப் பழக்கம் இங்கே செல்லாது. கையில் வாங்கியது அமெரிக்காவுக்குக் கண்ணே தெரியாது. நல்ல வேளை, மாமா விற்ற நிலத்துக்கு முழுத் தொகையும் செக்கில் வந்திருந்தது.

இன்னொன்று. போட்ட பணத்துக்கு யாரும் உத்தரவாதம் தரக்கூடாது, அது 'ரிஸ்க்'கில்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. வெர்மான்ட் மாநிலத்தில் ஜே பீக் என்று ஒரு பனிச்சறுக்கு மலை. அங்கே இதே ஈ.பி.-5 வழியாக 35 கோடி டாலருக்கு மேல் திரட்டினார்கள். அதில் 20 கோடியைத் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்று 2016 ஏப்ரலில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் வழக்குப் போட்டது. பக்கத்து ஊரான நியூபோர்ட்டில் புதுக் கட்டடம் வரப்போகிறது என்று மெயின் ரோட்டுக் கடைகளை இடித்தார்கள். பணம் போச்சு, பள்ளம் மட்டும் மிஞ்சியது. இந்தப் படத்தை மாமாவுக்குக் காட்டியது நான்தான். அன்றிலிருந்து அவர் ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து நம்பர் பார்க்க ஆரம்பித்தார்.

நம்பர் என்றால், மனு போட்டதும் கிடைக்கிற ரசீது எண். மூன்று எழுத்து, பத்து இலக்கம், ஆக மொத்தம் பதின்மூன்று. எங்களுடையது டபிள்யூ.ஏ.சி. என்று ஆரம்பிக்கும். அடுத்த இரண்டு இலக்கம் 20. "2019-ல போட்டதுக்கு எப்படிரா 20?" என்று மாமா பதறினார். அவர்களுக்கு நிதியாண்டு அக்டோபரில் தொடங்குகிறது. பி.காம். படித்தது வீண்போகவில்லை!

நம்பரை கம்ப்யூட்டரில் அடித்தால் நிலவரம் வரும். நம்ம பி.என்.ஆர். மாதிரியே. ஒரு வித்தியாசம்: பி.என்.ஆரில் டபிள்யூ.எல். 48 என்றால் நாளைக்கு 31 ஆகும், மறுநாள் 12 ஆகும். ஒரு முன்னேற்றம் தெரியும். இங்கே ஒரே வரி. 'உங்கள் மனு பெறப்பட்டது.' 2019 தீபாவளிக்கு அதே வரி. கொரோனா வந்தது, போனது. அதே வரி. 2023 ஜூலை வரை, மூன்றே முக்கால் வருஷம், அதே வரி!

இந்த நம்பரை வீட்டில் எல்லோருக்கும் முன்னால் மனப்பாடம் செய்தது யார் தெரியுமா? அமுச்சி. மாமாவைப் பெற்றவர். வயது 81. எழுதப் படிக்கத் தெரியாது. மாமா தினமும் சத்தமாகச் சொல்லிச் சொல்லி அடிப்பதைக் கேட்டே பாடமாகிவிட்டது. சாயங்காலம் என்னைப் பார்த்தால், "அந்த டபுள்யூ என்னாச்சு சாமி?" என்பார். அமெரிக்கா அழைக்கிற பட்டியலில் பெற்ற தாய்க்கு இடம் கிடையாது என்று அவரிடம் யாரும் நேராகச் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

வண்டி லோனாவ்லா தாண்டி மலைச்சரிவில் இறங்கியது. குகைக்குள் போகும்போதெல்லாம் சிக்னல் போகும். வெளியே வரும்போதெல்லாம் மாமா நம்பர் அடிப்பார். ஜன்னலுக்கு வெளியே அவ்வளவு அழகான பள்ளத்தாக்கு. அவர் பார்த்தது ஒன்றுமில்லை.

மும்பையில் மாட்டுங்காவில் லாட்ஜ். மாட்டுங்கா என்றால் மயிலாப்பூரைப் பெயர்த்து வைத்தது போல. மல்லிகைப்பூ, ஃபில்டர் காபி, 1942 முதல் நடக்கிற ராம நாயக் உடுப்பி ஓட்டல், வாழை இலைச் சாப்பாடு. முதல் மூன்று நாள் மெடிக்கல், எக்ஸ்ரே, கைரேகை என்று ஓடியது. நாலாம் நாள் இன்டர்வியூ.

அமெரிக்கத் துணைத் தூதரகம் இருப்பது பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில். சுருக்கமாக பி.கே.சி. மித்தி ஆற்றங்கரையில் ஒரு காலத்தில் சேறும் சதுப்புமாகக் கிடந்த இடம். இன்று தேசியப் பங்குச்சந்தை, செபி, வைர வியாபாரிகளின் பிரம்மாண்ட மார்க்கெட் எல்லாம் அங்கேதான். எல்லாம் கண்ணாடிக் கட்டடம். துணைத் தூதரகம் 2011-ல் இங்கே குடிவந்தது. ஆனால் எங்கள் விசா நம்பர் பி.எம்.பி. என்று ஆரம்பிக்கிறது. பம்பாய்! 1995-ல் ஊர் பேர் மாறியது இன்னும் அந்த நம்பருக்குத் தெரியாது.

காலையில் மாமா, அத்தை, பையன் மூவரும் உள்ளே போனார்கள். எனக்கு அனுமதி இல்லை. செல்போனுக்கும் அனுமதி இல்லை. மூன்று போனும் என் பாக்கெட்டில். எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்றேன்.

அந்தப் பிளாட்பாரத்தை நீங்கள் ஒரு தடவை பார்க்க வேண்டும். குஜராத்தி குடும்பம், பஞ்சாபி தாத்தா, கைக்குழந்தையோடு ஒரு மலையாளி. எல்லோர் கையிலும் பிளாஸ்டிக் கவர், அதில் காகிதம். உள்ளே போகிறவர்கள் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். வெளியே வருகிறவர்களின் முகத்தை எல்லோரும் உற்றுப் பார்க்கிறார்கள், பிரசவ வார்டு வாசல் மாதிரி.

பாம்... பாம்... என்று ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு சைக்கிள் வந்தது. கேரியரில் இட்லிப் பாத்திரம். மும்பையில் ஹாரன் அடித்து இட்லி விற்கிறவர் என்றால் தமிழர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

"அண்ணாச்சி, நாலு இட்லி."

"தமிழா! எந்தூரு தம்பி?"

"திருப்பூரு. நீங்க?"

"திருநெல்வேலிப் பக்கம். ஆனா பொறந்தது இங்கன, தாராவில. அந்தா தெரியுதுல்லா, ஆத்துக்கு அந்தப் பக்கம்." கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பின்னால் கையைக் காட்டினார்.

இரண்டு மணி நேரம் கழித்து மூவரும் வெளியே வந்தார்கள். மாமா கையில் ஒரு சீட்டு. முகம் சரியில்லை.

நடந்தது இதுதான். ஆபீஸர் அம்மாள் தன்மையாகப் பேசினாராம். முதல் சந்தேகம் பெயரில். மாமாவின் அப்பா பெயர் மாமாவுக்கு சர்நேம். மாமாவின் பெயர் பையனுக்கும் அத்தைக்கும் சர்நேம். "நீங்கள் மூவரும் ஒரே குடும்பம்தானே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம். இனிஷியலை விளக்கி அதைத் தாண்டிவிட்டார்கள். அடுத்தது அத்தையின் பிறப்புச் சான்றிதழ். அந்தக் காலத்துச் சான்றிதழில் குழந்தை பெயரே இருக்காது, 'பெண்' என்று மட்டும் இருக்கும். பெயரைப் பிறகு சேர்த்து, அதைப் பின்பக்கத்தில் எழுதி முத்திரை வைத்திருந்தார்கள். ஆங்கில மொழிபெயர்ப்பில் முன்பக்கம் மட்டும்தான் இருந்தது. பின்பக்கம் இல்லை.

மொழிபெயர்த்தது யார்? இங்கிலீஷ் ஃபாரம் நிரப்பத் தெரிஞ்ச பையன்.

காகிதத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை நான். அவ்வளவுதான். ஒன்பது கிலோவில் ஒரு பக்கம்.

"221 ஜி-ன்னு சீட்டு குடுத்திருக்காங்க. பின்பக்கத்தையும் எழுதி அனுப்பினா போதும்னாங்க" என்றான் பையன் சாதாரணமாக. மாமா போனை வாங்கி நம்பரை அடித்தார். திரையில் ஒரு வார்த்தை.

'ரெஃப்யூஸ்டு.'

மறுக்கப்பட்டது!

அத்தை அப்படியே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டார். உங்களில் யாருக்காவது இந்த நிலைமை வந்தால் உதவட்டும் என்று சொல்கிறேன்: 221 ஜி-யில் காகிதம் பாக்கி என்று நிறுத்தி வைத்தாலும் கம்ப்யூட்டர் அதே வார்த்தையைத்தான் காட்டும். காகிதம் போனதும் மாறலாம். இது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் கை நடுங்கியது. மாமா என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அது இன்னும் மோசம்.

இட்லி அண்ணாச்சி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். பாத்திரம் காலி. "வெயில்ல ஏன் நிக்கிய? வாங்க, நம்ம வீட்டுல ஒரு காபி குடிச்சிட்டுப் போலாம்" என்றார். அத்தையும் பையனும் டாக்ஸி பிடித்து லாட்ஜுக்குப் போக, மாமாவும் நானும் சைக்கிளுக்குப் பின்னால் நடந்தோம். ஆற்றைத் தாண்டினோம். கண்ணாடி முடிந்தது, தகரம் ஆரம்பித்தது.

தொண்ணூறடி ரோடு. கடைப் பலகையில் தமிழ், மளிகைக் கடையில் நம்மூர் அப்பளம், டீக்கடையில் நம்மூர் அரசியல். அண்ணாச்சியின் வீடு மாடியில். செங்குத்தான இரும்பு ஏணி. மாமா சூட்கேஸோடு ஏறினார். பத்துக்குப் பத்து அறை. உட்கார்ந்ததும் மாமாவின் கண் வாசல் சுவரில் நின்றது. பெயின்ட்டில் ஒரு நம்பர். மாமா பழக்கதோஷத்தில் வாய்விட்டுப் படித்தார்.

"இது என்னங்க நம்பர்?"

"சர்வே நம்பர். தாராவிய இடிச்சுக் கட்டப் போறாவல்லா? போன வருசம் வந்து வீடு வீடா நம்பர் போட்டாவ." காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு தாராவியிலேயே 350 சதுர அடியில் இலவச வீடு. மாடியில் இருப்பவர்களுக்கு 2022 நவம்பர் 15 வரை கணக்கு, ஆனால் வீடு தாராவிக்கு வெளியே, வாடகைக்கு.

"எங்கப்பா 1960-கள்ல வந்தாரு. கீழ் வீடும் எங்களதுதான். தங்கச்சி கல்யாணத்துக்கு வித்தோம். இப்ப நான் மாடி."

"அப்ப உங்களுக்கும் கட்-ஆஃப் டேட்டா?" என்றார் மாமா.

"தேதி இல்லாத மனுசன் யாரு அய்யா?" சிரித்தார் அண்ணாச்சி. "எங்கப்பாவுக்குத்தான் இல்ல. அன்ரிசர்வ்டு டிக்கெட் எடுத்தாரு, வி.டி. ஸ்டேசன்ல எறங்கினாரு. எறங்கினதே அப்ரூவல்!"

அமெரிக்கக்காரனும் எங்கள் வரிசைக்கு வைத்திருக்கிற பெயர் அன்ரிசர்வ்டுதான்! 2022 சட்டத்தில் கிராமப்புறத் திட்டம், வேலையில்லாப் பகுதி, உள்கட்டமைப்பு என்று பணம் போடுகிற புது ஆட்களுக்கு 32 சதவீத விசாவைத் தனியாக ஒதுக்கினார்கள். பழைய ஆட்களெல்லாம் பொது வரிசை. வருஷத்துக்கு மொத்தம் சுமார் 10,000 விசா. ஒரு நாட்டுக்கு பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் இல்லை. மனைவி, பிள்ளை எல்லாம் அந்தக் கணக்கில் ஒவ்வொரு தலை. அதனால் மாதா மாதம் ஒரு தேதி அறிவிப்பார்கள். அந்தத் தேதிக்கு முன்னால் மனு போட்டவருக்குத்தான் விசா. 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு அந்தத் தேதி 2022 ஜனவரி 1. எங்களுடையது 2019 என்பதால் தாராளமாகத் தாண்டியிருந்தோம். ஒரு காகிதம்தானே, ஒரு மாதத்தில் முடிந்துவிடும் என்று ஊர் திரும்பினோம்.

பின்பக்கத்தை மொழிபெயர்த்து அனுப்பினேன். இந்தத் தடவை காகிதத்தை நாலு தரம் திருப்பிப் பார்த்தேன். ஏப்ரலில் தேதி பின்னால் போனது: 2019 நவம்பர் 1. ஆமாம், பின்னால்! அப்போதும் இரண்டு வாரம் மிச்சம் இருந்தது. எங்கள் ஃபைல் மேலே வருவதற்குள் மே மாதம் பிறந்தது. 2019 மே 1! கன்ஃபர்ம் ஆன டிக்கெட் வெயிட்டிங் லிஸ்டுக்குப் போய்விட்டது. அந்த ஒரு பக்கத்தை முதலிலேயே எழுதியிருந்தால்...

மாமாவிடம் போய் நின்றேன். "என்னாலதான் மாமா."

"விடு மாப்ள. அந்த இட்லிக்காரர் சொன்னாரில்ல, தேதி இல்லாத மனுசன் யாருன்னு. மூன்றரைக் கோடி போட்டதுல எனக்கு ஒரு நெனப்பு இருந்துச்சு, நாம வரிசையில நிக்கிற ஆளில்லைன்னு. வரிசை வரிசைதான். என்ன, எனக்குக் கொஞ்சம் காஸ்ட்லி பிளாட்பாரம்."

அன்றிலிருந்து ராத்திரி மூன்று மணிக்கு எழுவதை நிறுத்தினார். காலையில் ஒரு தரம் மட்டும் பார்ப்பார், காபிக்குப் பிறகு.

2025 அக்டோபரில் தேதி மறுபடி முன்னால் வந்தது: 2021 பிப்ரவரி 1. அதற்குள் மெடிக்கல் காலாவதி. அது ஆறு மாதம்தான் செல்லும். மறுபடி மும்பை, மறுபடி எக்ஸ்ரே. நவம்பரில் ஒரு காலை மாமா போன் செய்தார். "மாப்ள, 'இஷ்யூட்'னு வருது. நீயும் ஒருக்கா அடிச்சுப் பாரு." அடித்துப் பார்த்தேன். அடுத்த அரை மணி நேரத்தில் ஆறு தரம் அடித்துப் பார்த்தேன்.

இதில் ஒரு வேடிக்கை. பையனுக்கு இப்போது 22 முடிந்துவிட்டது. அப்புறம் எப்படிப் பிள்ளை கணக்கில் விசா? அதற்கும் சட்டம் வைத்திருக்கிறார்கள். விசா எண் கிடைக்கிற நிலை வந்த நாளில் என்ன வயதோ, அதிலிருந்து மனு கிடந்த காலத்தைக் கழித்துவிடுவார்கள். அவனுக்கு 20 வயது 9 மாதம். மூன்று வருஷம் 9 மாதம் கழித்தால் 17. தினமும் ஷேவ் பண்ணுகிறான், அமெரிக்கக் கணக்கில் வயது 17!

இதை அமுச்சியிடம் விளக்கினேன். ரொம்ப நேரம் யோசித்தார்.

"காத்திருந்த வருசத்தையெல்லாம் அவன் வயசுல கழிச்சுப் போட்டாங்களா?"

"ஆமாங்க அமுச்சி."

"எனக்கும் கழிப்பாங்களா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பி.காமில் அது சொல்லித் தரவில்லை.

கோயம்புத்தூர் ஏர்போர்ட்டில் வழியனுப்பிவிட்டுத் திரும்பினோம். மாமா சூட்கேஸை என்னிடமே விட்டுப் போயிருந்தார். கிடைத்தது இரண்டு வருஷத்துக்கான நிபந்தனைக் கார்டுதான். அது முடியும் முன், கடைசி 90 நாளுக்குள் ஐ-829 என்று இன்னொரு மனு போட வேண்டும். 10 பேருக்கு வேலை கிடைத்தது என்று நிரூபிக்க வேண்டும். மறுபடி ஒரு ரசீது. மறுபடி பதின்மூன்று எழுத்து.

காரில் அமுச்சி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். அவிநாசி தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"புது நம்பர் வந்தா உடனே வந்து சொல்லோணும் சாமி. இப்பவே ஆரம்பிச்சாத்தான் எனக்குப் பாடமாகும்."